உள்ளே ஒரு சுவிட்ச்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இன்று என் அக்கா மகள் மேகலாவுக்கு நிச்சயம் முடிந்தது. முடித்து வைத்தவன் நான். பின்னால் வருகிறவர்களுக்கு இது தெரிய வேண்டும் என்பதற்காகவே, மண்டபத்துக்காரர் கொடுத்து இத்தனை மாதம் சும்மா கிடந்த டைரியை இன்று எடுத்திருக்கிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. பெயர் சுருளிவேல். தேனியில் ‘சுருளி எண்ட்ரி டெக்கரேஷன்’ என்றால் கைக்குழந்தைகூட வழி சொல்லும். கல்யாண ரிசப்ஷனில் பெண்ணும் மாப்பிள்ளையும் வெறுமனே நடந்து மேடைக்கு வந்துகொண்டிருந்த காலத்தில், அன்னப்பறவையில் உட்கார வைத்து, புகை விட்டு, பாட்டுப் போட்டு இழுத்து வந்த முதல் ஆள் நான். இதுவரை ஐந்நூறு மேடை. படிப்பு ஒன்பதாம் வகுப்பு. பத்தாவது உனக்குத் தேவையில்லை என்று தலைமையாசிரியரே வீடு தேடி வந்து சொன்னார்.

மச்சான் காலமானதிலிருந்து அக்கா ஒச்சம்மாள் வீட்டுக்குப் பெரிய தலை நான்தான். மாப்பிள்ளை நிதின்ராஜ், போடியில் ஏலக்காய் வியாபாரம். எல்லாம் பேசி முடியும் நேரத்தில் மாப்பிள்ளையின் அம்மா பத்மாவதி மெல்ல ஆரம்பித்தார்.

“பொண்ணு ஆஸ்பத்திரி வேலைக்குப் போகுதாமே. ராத்திரி டூட்டியெல்லாம் உண்டாமே?”

மேகலா தேனியில் ஒரு ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து டெக்னீஷியன். ஆபரேஷனுக்கு முன்னால் ஆளைத் தூங்க வைக்கிற டாக்டருக்குப் பக்கத்தில் நிற்பவள். அந்த டாக்டரே இவளைக் கேட்டுத்தான் ஊசியைக் கையில் எடுப்பார். அப்போது அவள் உள்ளறையில் சேலை மாற்றிக்கொண்டிருந்தாள். அக்கா என்னைப் பார்த்தது. நான் எழுந்து நின்றேன்.

“சம்பந்தியம்மா! இந்த வேலை போதும் மாமான்னு எங்க பொண்ணே வாயத் தொறந்து சொல்லிருச்சு. கல்யாணத்துக்கு மறுநாள்லருந்து வேலை கிடையாது. வீட்டுல ராணி மாதிரி இருக்கும். இது தாய்மாமன் வாக்கு!”

கைதட்டல். இரண்டு பேர் விசில் அடித்தார்கள். மேகலா அப்படி என்னிடம் சொல்லவில்லை என்பது வேறு விஷயம். கேட்டால் சொல்லக்கூடிய பெண்தான். கல்யாணம் முடிந்ததும் பக்குவமாக அவள் காதில் போட்டுக்கொள்ளலாம் என்று அக்கா சொல்லிவிட்டது.

முகூர்த்தம் 29-ஆம் தேதி. ரிசப்ஷன் முதல் நாள் மாலை. எண்ட்ரி என் செலவு, என் சீர்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மேகலா டூட்டி முடிந்து நேராகக் குடோனுக்கு வந்தாள். ஆல்பத்தைப் புரட்டிக் காட்டினேன். கோபுரத்தில் கூந்தலைத் தொங்கவிட்ட ராஜகுமாரி. ஒற்றைச் செருப்பு ராஜகுமாரி. தவளைக்கு முத்தம் கொடுக்கிற ராஜகுமாரி. கடைசியில் நம் சிறப்பு அயிட்டம்: கண்ணாடிப் பெட்டிக்குள் தூங்குகிற ராஜகுமாரி. மாப்பிள்ளை வெள்ளைக்குதிரையில் வந்து ரோஜாவால் தொடுவார். மூடி திறக்கும். பெண் கண் விழிக்கும். இந்தக் கதையை எனக்குச் சொன்னது மேகமலை எஸ்டேட்டில் இருந்த ஒரு வெள்ளைக்காரர். அவருடைய பாட்டனார் அந்தப் பெட்டியை நேரில் பார்த்தவராம்.

“அவ எதுக்கு மாமா தூங்குறா?”

“சாபம்.”

“இவளுக்கு யாரு சாபம் விட்டா? இவ என்ன செஞ்சா?”

“இவ ஒண்ணும் செய்யல. அவங்க அப்பா ஒருத்திய விருந்துக்குக் கூப்பிட மறந்துட்டாரு.”

“அப்பா மறந்ததுக்கு மகளா படுக்கணும்?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை பெட்டி செய்திருக்கிறேன், இந்தக் கேள்வி யாரும் கேட்டதில்லை.

“சரி, எந்திரிச்சதும் அவ என்ன கேப்பா?”

“என்ன கேப்பா? நேரா கல்யாணந்தான்.”

“நீ யாருன்னுகூடக் கேக்க மாட்டாளா?”

“கதையில அதுக்கெல்லாம் நேரமில்லம்மா.”

அவள் ஆல்பத்தை மூடினாள். “உங்க ஆசை மாமா. பெட்டியவே செய்ங்க. நான் படுத்துக்கிறேன். எனக்கும் நல்லாத் தூங்கி ரொம்ப நாளாச்சு.”

சம்மதம் வாங்கிவிட்டேன்.

ஆகஸ்ட் 6, புதன்

நீ யாருன்னுகூடக் கேக்க மாட்டாளா. காலையிலிருந்து இதுவே மண்டைக்குள் ஓடுகிறது. அக்ரிலிக் ஷீட் மதுரையிலிருந்து வந்தது, ஒரு ஓரம் உடைந்து.

ஆகஸ்ட் 9, சனி

ஆராய்ச்சி என்று வந்துவிட்டால் நான் விட மாட்டேன். இன்று என் மனைவி பேச்சியிடம் கூந்தல் கோபுரக் கதையைச் சொல்லி அபிப்பிராயம் கேட்டேன். ஆட்டுக்கல்லில் ஆட்டியபடியே கேட்டாள்.

“வாசல் இல்லாத கோபுரத்துல அடைச்சு வச்சவ, தலைக்கு எண்ணெய் மட்டும் வாங்கிக் குடுத்தாளாக்கும்?”

“கதைம்மா.”

“அம்புட்டு நீள முடிய அவன் ஏறி வர்றதுக்குத் தொங்கவிட்டவளுக்கு, அதையே அறுத்துக் கட்டி இறங்கத் தெரியலையா?”

“அப்புறம் ராஜகுமாரனுக்கு என்ன வேலை?”

“அதான. அவனுக்கு வேலை குடுக்கத்தான் அவ அங்க ஒக்காந்திருக்கா.”

நம் ஊர்க் கதை மட்டும் என்ன என்றாள். புலியைக் கொன்றவனுக்குப் பாதி ராஜ்ஜியமும் மகளும். “பாதி ராஜ்ஜியத்துல எத்தனை கிணறு, எத்தனை தோப்புன்னு அளந்து வாங்கிக்குவான். மகளை மட்டும் அளக்காம, கேக்காம வண்டியில ஏத்திருவான்.”

நான் அவளைக் கட்டிய வரலாற்றை நினைவுபடுத்தினேன். இளவட்டக்கல்லை ஒரே மூச்சில் தூக்கி, தோளுக்குப் பின்னால் எறிந்து, ஊரே வாயைப் பிளந்து நிற்க, அவள் அப்பா ஓடி வந்து என் கையைப் பிடித்து, நீதான் என் மருமகன் என்றார்.

“முழங்கால் வரைக்கும் தூக்குனீங்க. அப்புறம் கால்ல போட்டுக்கிட்டு மூணு வாரம் நொண்டுனீங்க.”

“கட்டி வச்சாரா இல்லையா?”

“கட்டி வச்சாரு. நான் அப்ப கிணத்தடியில சட்டி வெளக்கிக்கிட்டிருந்தேன். ஒரு பயலும் வந்து ஏத்தா, ஒனக்குச் சம்மதமான்னு கேக்கல.”

மேற்கொண்டு பேசியிருப்பேன். கேஸ் சிலிண்டர்க்காரர் வந்துவிட்டார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கம்பத்தில் ஒற்றைச் செருப்பு எண்ட்ரி. மாப்பிள்ளை வெல்வெட் தலையணையில் செருப்பு ஏந்தி வருவார், பெண் காலை நீட்டும். அறுநூறாவது மேடை (முன்பு ஐந்நூறு என்று எழுதியது அடக்கத்தில்). பெண்ணின் கால் வீங்கி, செருப்பு ஏறவில்லை. முகம் சுளிக்காமல் அழுத்தித் திணித்து, சிரித்தபடி போட்டோவுக்கு நின்றது. எனக்கு இன்று புதிதாக ஒரு சந்தேகம்: நடுராத்திரி வரைக்கும் அவளோடு ஆடிய ராஜகுமாரனுக்கு மறுநாள் அவள் முகம் எப்படி மறந்துபோகும்? செருப்பு அளவு மட்டும் ஞாபகம் இருந்தால் அவன் ராஜகுமாரனா, செருப்புக்கடைக்காரனா?

வண்டியில் வரும்போது எலக்ட்ரீசியன் ஜாபரிடம் இதைக் கேட்டேன். ஜாபர் என்னோடு ஆரம்பத்திலிருந்து இருக்கிறவர். “அண்ணே, அட்வான்ஸ் வாங்குற தொழில்ல இப்படியெல்லாம் யோசிக்கக் கூடாதுண்ணே” என்றார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மேகலாவின் உயரம் அளக்க டேப்போடு ஆஸ்பத்திரிக்கே போனேன். டாக்டர்கள் எழுந்து நின்று வரவேற்றார்கள். ஒரு நர்ஸ் மட்டும், இங்கே நிற்காதீங்க என்று திரைக்கு இந்தப்பக்கம் நாற்காலி காட்டினாள்.

திரைக்கு அந்தப்பக்கம் மேகலா குரல். வீட்டில் பேசுகிற குரல் இல்லை.

“பாட்டிம்மா, கண்ணத் தொறங்க. ஆபரேஷன் முடிஞ்சிருச்சு. ஒங்க பேரச் சொல்லுங்க.”

ஏதோ முனகல்.

“அவசரமில்ல. என் கையப் புடிங்க. இறுக்கிப் புடிங்க. ஆங்... இப்பச் சொல்லுங்க, பேரு?”

“குருவம்மா.”

“நல்லாருக்கு பாட்டி. இப்பத்தான் நீங்க முழுசா வந்திருக்கீங்க.”

வெளியே வந்ததும், எல்லாரிடமும் பெயர் கேட்பாயா என்றேன்.

“தூங்க வைக்கிறதுக்கு முன்னாடியும் கேப்போம் மாமா. பேரென்ன, என்ன ஆபரேஷன்னு தெரியுமா, கையெழுத்துப் போட்டது நீங்கதானா, யாரும் கட்டாயப்படுத்தலையேன்னு. தூங்கிட்டா அவங்களால வேணாம்னு சொல்ல முடியாதில்ல. அதுக்காகத்தான்.”

“எல்லாம் சரின்னு சொன்னாத்தான் ஊசியா?”

“சொன்னாத்தான்.”

பிறகு அவள் அந்த வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். தீபாவளிக்குப் பிறகு இதய ஆபரேஷன் பிரிவுக்கு மாற்றப் போகிறார்களாம், அதற்காகத்தான் இரண்டு வருடம் காத்திருந்தாளாம். முகம் அப்படி மலர்ந்திருந்தது. நல்லதும்மா என்றேன். உயரம் அளக்க மறந்து திரும்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

பெட்டி தயார். இந்தியாவிலேயே இப்படி ஒரு பெட்டி கிடையாது. உள்ளே மெத்தை, சுற்றிலும் மல்லிகைச் சரம், மேலே மோட்டாரில் ஏறி இறங்குகிற மூடி, தலைமாட்டிலும் கால்மாட்டிலும் காற்றுத் துளைகள். சுவிட்ச் வெளியே, ஜாபர் கையில். எந்தப் பெட்டியையும் பெண் படுப்பதற்கு முன் நானே படுத்துப் பார்ப்பது நம் கம்பெனி வழக்கம். இந்த வழக்கத்தை நான் இன்றைக்குத்தான் ஏற்படுத்தினேன்.

படுத்தேன். மூடி இறங்கியது. ஜாபர் மேலே சாட்டின் துணியைப் போர்த்தி அழகு பார்த்தார். அந்த நேரம் கரண்ட் போய்விட்டது.

“ப்யூசான்னு பாத்துட்டு வர்றேண்ணே” என்று ஜாபர் போனார். அடுத்த நிமிடம் பக்கத்து மாவுமில்காரன் டீசல் ஜெனரேட்டரைப் போட்டான். குடோனே அதிர்ந்தது. அந்தச் சத்தத்தில்தான் இரண்டு பெண்கள் வந்து என் தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். செட்டைப் பார்க்க வந்த சம்பந்தியம்மாவும் அக்காவும். சத்தத்துக்கு மேலே கத்திப் பேசியதால் அவர்கள் பேசியது துளை வழியே ஒரு சொல் விடாமல் கேட்டது.

“வேலைய விடுறதா எழுதிக் குடுத்தாச்சா?” சம்பந்தியம்மா.

“அவகிட்ட இன்னும் சொல்லல. தாலி ஏறட்டும்.”

“சொல்லலையா? பொண்ணே கேட்டுச்சுன்னு ஒங்க தம்பி சபையில சொன்னாரே!”

“அவளுக்கென்ன தெரியும்? நாம சொல்றதுதான். ரெண்டு நாள் அழுவா. அப்புறம் சரியாயிரும்.”

“அதுவுஞ் சரிதான். நானும் டீச்சர் டிரெய்னிங் முடிச்சவதான். அழுதேன். சரியாப் போச்சு.”

அக்கா என்றேன். கேட்கவில்லை. சம்பந்தியம்மா, அது அவ சொல்லல, நான் சொன்னது என்றேன். ஜெனரேட்டர் என் குரலைத் தின்றது. மூடியில் குத்தினேன்.

“உள்ள பெருச்சாளி ஓடுது போல” என்றது அக்கா. இருவரும் நாற்காலியை நகர்த்தி உட்கார்ந்து, மேகலாவை ராத்திரி எங்கும் அனுப்பக் கூடாது என்பது பற்றி, முதல் குழந்தை பற்றி, எல்லாம் பேசி முடித்தார்கள். நான் மல்லிகைப்பூவுக்கு நடுவில் கிடந்தேன்.

கரண்ட் வர எவ்வளவு நேரமாயிற்று என்று தெரியாது. ஜாபர் டீ குடித்துவிட்டு வந்து மூடியைத் தூக்கினார். “என்னண்ணே, சட்டையெல்லாம் நனைஞ்சிருக்கு, கண்ணு செவந்திருக்கு?” மல்லிகை வாசம் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன்.

பெட்டி உறுதியாக இருக்கிறது. சோதனை முழு வெற்றி.

ஆகஸ்ட் 22, வெள்ளி

கதவைச் சாத்தாமல் படுத்தேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மேகலாவை டீக்கடைக்கு அழைத்துப் போனேன். பேசினேன். என்ன பேசினேன் என்பதை எழுத முடியாதபடி பேனாவில் மை தீர்ந்துவிட்டது.

மதியம் மொச்சைக் குழம்பு. நல்ல ருசி.

மேகலா கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. டீ ஆறி ஆடை படிந்தது. கடைசியில் ஒன்றுதான் கேட்டாள்.

“மாமா, இது அவருக்குத் தெரியுமா? நிதினுக்கு?”

தெரியாது என்றேன். தெரியுமா தெரியாதா என்று எனக்கே தெரியாது.

“அந்தப் பெட்டிக்குச் சுவிட்ச் எங்க இருக்கு?”

“வெளியே. ஜாபர் கையில.”

“உள்ள ஒண்ணு வைக்க முடியுமா?”

ஆகஸ்ட் 26, செவ்வாய்

படுத்தால் வலதுகை விரல் போய் விழுகிற இடத்தில், மெத்தை ஓரமாக, பச்சைநிறப் பொத்தான். கரண்ட் போனாலும் வேலை செய்ய பேட்டரி. ஜாபர் வயரை முறுக்கிக்கொண்டே சொன்னார்: “இத்தனை வருசமா பெட்டி செய்றோம், இது நமக்குத் தோணலையேண்ணே.”

எனக்கு ஆரம்பத்திலேயே தோன்றிய யோசனைதான் இது. சந்தர்ப்பம் வரவில்லை, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

நேற்று நடந்ததை இன்று எழுதுகிறேன். ஆயிரம் பேர் கூடிய மண்டபம். (பேச்சி எட்டிப் பார்த்து, ஐந்நூறு சாப்பாடுதான் சொன்னோம் என்கிறாள்.)

விளக்கு அணைந்தது. புகை எழுந்தது. மைக் என் கையில். “ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி...” என்று தொடங்கினேன். வாசலில் சக்கரம் வைத்த வெள்ளைக்குதிரையில் மாப்பிள்ளை, கையில் ரோஜா. கீழே விழாமலிருக்க இடுப்பில் பெல்ட். குதிரை பாதி வழிதான் வந்திருக்கும். மேடையில் பெட்டியின் மூடி தானாக எழுந்தது.

மேகலா எழுந்து உட்கார்ந்தாள். கூந்தலில் ஒட்டிய பூவைத் தட்டிவிட்டாள். இறங்கி வந்து என் கையிலிருந்த மைக்கை வாங்கினாள். இவ்வளவு பெரிய சபையில் என் கையிலிருந்து மைக் போனது அதுவே முதல் தடவை. நான் இறுக்கிப் பிடிக்கவில்லை.

“ஒங்க பேரச் சொல்லுங்க.” ஆஸ்பத்திரிக் குரல்.

குதிரை மேலிருந்து, “நி... நிதின்ராஜ்” என்றார் மாப்பிள்ளை.

“இன்னைக்கு இங்க என்ன நடக்குதுன்னு தெரியுமா?”

“ரிசப்ஷன்.” மண்டபம் சிரித்தது.

“ஒங்கள யாரும் கட்டாயப்படுத்தலையே?”

“இல்ல.”

“எங்க ஆஸ்பத்திரில சின்ன ஆபரேஷனுக்குக்கூட இதக் கேட்டுட்டுத்தான் செய்வோம். இந்தக் கல்யாணத்துல என்கிட்ட யாரும் கேக்கல. நான் வேலைய விடுறேன்னு எங்க மாமா ஒங்க சபையில சொன்னாரு. நான் சொல்லல. விட மாட்டேன். அடுத்த வாரம் டூட்டிக்குப் போவேன், ராத்திரி கூப்பிட்டாலும் போவேன். இது சரின்னா காலைல முகூர்த்தம். சரியில்லன்னா, சாப்பாடு ரெடியா இருக்கு. சாப்பிட்டுட்டு நல்லபடியாப் பிரிஞ்சுக்கலாம்.”

சிரிப்பு நின்றது. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டது.

“நீங்களே விட ஆசைப்படுறதாத்தான் எனக்குச் சொன்னாங்க” என்றார் மாப்பிள்ளை.

“என் நம்பர் ஒங்ககிட்ட இருந்துச்சே.”

அவர் ரோஜாவைக் குதிரைப் பிடரியில் செருகினார். “ஆமா. நான்தான் கேட்டிருக்கணும்.” பிறகு என் பக்கம் திரும்பி, “அங்கிள், இந்தப் பெல்ட்டை அவுத்து விடுங்க. எறங்கி நின்னு பேசணும்.” அங்கிள்! அந்த நேரத்தில் அதையும் பொறுத்துக்கொண்டேன்.

பெல்ட்டை அவிழ்க்கும்போது சம்பந்தியம்மா எழுந்துவிட்டார். “என்னய்யா இது? தாய்மாமன் வாக்குன்னு மார்தட்டுனீங்களே. வீட்டுல ராணி மாதிரி இருக்கும்னு. அந்த வாக்கு என்னாச்சு?”

எல்லாத் தலையும் என் பக்கம். எனக்குத் திரும்பவும் பெட்டிக்குள் கிடப்பது போல இருந்தது. அப்புறம் என் வாய் எப்போதும் போலத் தானாகத் திறந்துகொண்டது.

“வாக்கு மாறல சம்பந்தியம்மா. குடுத்தது யாரு? நான். அப்ப காப்பாத்த வேண்டியதும் நான்தான். நாளன்னைக்கிலருந்து வேலைக்குப் போகாம, வீட்டுல ராணி மாதிரி நான் இருக்கேன்!”

கூரை பிய்த்துக்கொண்டு போகிற சிரிப்பு. அதில் பேச்சி சிரிப்பு தனியாகக் கேட்டது. சம்பந்தியம்மா சிரிக்கவில்லை. மேகலாவையே பார்த்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

மேகலாவும் நிதின்ராஜும் பந்தி நடக்கும்போது கைகழுவும் இடத்தோரம் நின்று வெகுநேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. வேறொரு நாளாக இருந்தால் இந்த இடத்தில் இரண்டு பக்கம் வசனம் நானே எழுதியிருப்பேன்.

இன்று காலையில் தாலி ஏறியது. ஐயர் மாலையைக் கையில் கொடுத்ததும் மேகலா மாப்பிள்ளையைப் பார்த்து ஏதோ கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே தன் பெயரைச் சொன்னார். அவரும் அவளிடம் கேட்டார். அவளும் சொன்னாள்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

“வாக்குக் குடுத்தீங்கல்ல, இருங்க” என்று சொல்லிவிட்டுப் பேச்சி தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாள். ராணியாக இருப்பதில் இவ்வளவு பாத்திரம் கழுவ வேண்டியிருக்கும் என்று எந்தக் கதையிலும் சொல்லவில்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

வாக்கு இன்றோடு நிறைவேறிவிட்டதாக, திரும்பி வந்த பேச்சி தள்ளுபடி கொடுத்தாள். குடோனைத் திறந்தேன். சின்னமனூரிலிருந்து ஒரு பார்ட்டி. கோபுரம் செட் வேண்டுமாம். பெண்ணின் அப்பாதான் பேசினார். பெண்ணைக் கூப்பிடுங்கள், அதற்கு என்ன செட் பிடிக்கும் என்று கேட்க வேண்டும் என்றேன். ஏன் என்றார். இது இந்த ஜில்லாவிலேயே நம் கம்பெனியில் மட்டும்தான் என்றேன். கோபுரத்துக்குப் பின்பக்கம் படிக்கட்டும் போடலாம் என்று ஜாபரிடம் சொல்லியிருக்கிறேன்.

மேகலா இன்று டூட்டிக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் பேச்சி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரில் போய் உட்கார்ந்தேன்.

“என்ன, இடுப்பு வலியா?”

“இல்ல. ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க.”

“அன்னைக்கு... நீ கிணத்தடியில இருந்தப்ப. யாராச்சும் வந்து ஒன்னையக் கேட்டிருந்தா, என்ன சொல்லியிருப்ப?”

கீரை ஆய்ந்த கை நின்றது. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“கல்லத் தூக்குனதச் சொல்லிக் கேப்பீங்களா, கால்ல போட்டுக்கிட்டதச் சொல்லிக் கேப்பீங்களா?”

“கால்ல போட்டுக்கிட்டதச் சொல்லித்தான்.”

“யோசிச்சுச் சொல்றேன்” என்று முறத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

செப்டம்பர் 3, புதன்

இன்னும் சொல்லவில்லை. காத்திருக்கிறேன்.